துலுக்காணத்தின் துண்டு

திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு டிபன் சென்டருக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, மூன்று பேர் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். என்ன கேம் என்று விசாரிக்கிறவர்கள் எல்லாருமே துப்பாக்கி உண்டா என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை என்றால் முகம் தொங்கிவிடும். கல்யாணத்துக்குப் போகிற கேம் என்று சொன்னாலோ, பாவம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த வருஷம் மாங்காய் எப்படி என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஆனால் அது உண்மையிலேயே கல்யாணத்துக்குப் போகிற கேம்தான். பெயர் 'கடைசிப் பந்தி'. மூன்று சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து கிளம்பி, பஸ், ரயில், சந்தை நெரிசல் எல்லாம் தாண்டி, பாயசம் தீர்வதற்குள் மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ரத்னம்மாவுக்குக் கனத்த சரீரம். அவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டால் நின்றதுதான், மூடப்போகிற கதவைக்கூட இடுப்பாலேயே நிறுத்திவிடுவாள். செங்கமலம் எதன் மேலும் ஏறுவாள், எந்த ஜன்னலிலும் நுழைவாள். ஆனால் அவளைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் போச்சு, பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்க்கதை ஆரம்பித்துவிடுவாள், பிறகு கூப்பிட்டாலும் வரமாட்டாள். மூன்றாவது ஆள் துலுக்காணம் மாமா. ஒல்லி, வயசாளி. அவரால் ஏறவும் முடியாது, தள்ளவும் முடியாது. அவரிடம் இருப்பது தோளில் கிடக்கும் ஒரு துண்டு.

துண்டை அவர் எங்கே வீசுகிறாரோ, அந்த இடம் அவருடையது. பஸ் சீட்டில் விழுந்தால் அங்கே யாரும் உட்காரமாட்டார்கள். மண்டபத்துப் பெஞ்சில் விழுந்தால் அந்த இலை அவருக்கு. சந்தை நடுவில் விழுந்தால் ஆடுகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். விளையாடுகிறவர் ஒரு பொத்தானை அமுக்கி இவரை விட்டு அவர், அவரை விட்டு இன்னொருவர் என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் கதவைப் பிடிக்க, ஒருவர் ஏறிக் குதிக்க, ஒருவர் துண்டு போட, மூன்று பேரும் ஒத்துழைத்தால்தான் ஒரு கட்டம் தாண்ட முடியும். மூன்று பேரும் சொந்தக்காரர்கள் என்பதால் அது அவ்வளவு சுலபமாக நடக்காது என்பதுதான் வேடிக்கை.

இந்த மூவரையும் கற்பனையில் பெற்றெடுத்தவள் பிரித்திகா. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்துப் பெண். நகரிக்காரன் யோகேஷ், கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் எல்லாவற்றையும் எழுதுகிறவன். பங்காருபாளையத்துத் திலீப் தெலுங்குப் பையன், படமும் அவனே, சத்தமும் அவனே. மூவரும் ஒரே காலேஜ். கேமில் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது, முணுமுணுப்பும் பெருமூச்சும் மட்டும்தான் என்பது பிரித்திகா போட்ட சட்டம். எந்த ஊர்க்காரன் விளையாடினாலும் படிக்காமலே புரிய வேண்டும் என்பாள். அந்தச் சட்டத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்கத்தானே போகிறோம்.

அவளுடைய நைனா, அதாவது அப்பா, ஆதிகேசவன் கொடுமைக்காரர் அல்ல. மகள் என்ன செய்கிறாள் என்று அவருக்குச் சரியாகப் புரியவில்லை, அவ்வளவுதான். ஊரில் கேட்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். இப்போது அவளுடைய தாய்மாமன் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். வீட்டிலிருந்தே போய் வரலாம், கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதையும் தொடங்க முடியாது, அதனால் ஆனி முடிவதற்குள் சேர்ந்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதற்குள் இந்தக் கேமை ஒரு பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் பிரித்திகா ஸ்ரீசிட்டிக்குப் போக வேண்டியதுதான். அவள் போய்விட்டால் கேம் அவ்வளவுதான் என்பது மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நைனாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோளில் துண்டு இல்லாமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. பிரித்திகா திருப்பதிக்குப் படிக்க வந்த காலத்தில், திங்கட்கிழமை காலைகளில் சத்தியவேடு பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே வருவார். பஸ் உள்ளே திரும்பி நிற்பதற்கு முன்பே கூட ஓடி, மணிக்கட்டை ஒரு திருகு திருகி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசுவார். அது போய் ஜன்னலோர சீட்டில் உட்காரும். பிரித்திகா மெதுவாக ஏறி, அந்தச் சீட்டில் உட்கார்ந்து, துண்டை ஜன்னல் வழியாக அவரிடம் கொடுப்பாள். இன்றைக்கும் அவள் பஸ்ஸில் இருக்கிறாள் என்று தெரிந்தால், போனில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சீட்டு கெடச்சுதா?" என்பதுதான். துலுக்காணம் மாமா எங்கிருந்து வந்தார் என்று இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. நைனாவிடம் மட்டும் அவள் இதைச் சொல்லவில்லை. அப்பனை வைத்துப் பொம்மை செய்து நாலு பேரைச் சிரிக்க வைக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது.

மார்த்தா என்ற அம்மாள் கோடையில் சூரியன் சரியாக மறையக்கூட மறையாத ஏதோ ஒரு தூரதேசத்தில் இருந்தாள். கேம்களை எடுத்து வெளியிடுகிற கம்பெனியில், எது தேறும் எது தேறாது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஒரு மத்தியானம் அவள் 'கடைசிப் பந்தி'யை முதன்முறையாக விளையாட, அவள் திரை இவர்கள் கம்ப்யூட்டரில் தெரிய, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

முதல் கட்டம் பஸ் ஸ்டாண்ட். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. ரத்னம்மா முணுமுணுத்தபோது மார்த்தா சிரித்தாள். செங்கமலம் டீக்கடைக்காரனிடம் பேச்சில் சிக்கிக்கொண்டபோது இன்னும் பலமாகச் சிரித்தாள். பஸ் வந்தது. துலுக்காணம் மாமா துண்டை வீசினார். அது அழகாகப் போய் ஒரு காலிச் சீட்டில் விழுந்தது. யோகேஷ் திலீப்பின் தொடையில் தட்டினான்.

மார்த்தா செங்கமலத்துக்கு மாறினாள், ஜன்னல் வழியாக ஏறினாள், நேராக அந்தச் சீட்டுக்குப் போனாள். துண்டை எடுத்தாள். எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, துலுக்காணம் மாமாவிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் அந்தச் சீட்டில் ஒரு மீசைக்காரன் உட்கார்ந்துவிட்டான்.

திலீப் நெற்றியில் அடித்துக்கொண்டான். மார்த்தா மறுபடி வீசினாள், மறுபடி ஏறிப்போய் எடுத்துக் கொடுத்தாள். பாவம், இந்தப் பெரியவருடைய துணி காற்றில் பறந்துகொண்டே இருக்கிறது, கஷ்டப்பட்டு எடுத்துக் கொடுப்பதுதான் விளையாட்டு என்று அவள் நினைத்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரி. அந்த நல்ல மனசே அவளைப் பஸ் ஏறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் பஸ் நிரம்பியது, கண்டக்டர் விசில் ஊதினார், மூன்று பேரையும் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் பஸ் போய்விட்டது. கடைசியில் அவள் விளையாட்டை நிறுத்திவிட்டு, ஆட்கள் மூவரும் அருமை, ஆனால் இந்தத் துணி என்ன, மந்திரத் துணியா, அது கிடக்கும் இடத்தில் ஏன் யாரும் உட்காரவில்லை என்று கேட்டாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நகரியில் யோகேஷின் தெருவே இந்தக் கேமை விளையாடியிருந்தது. பங்காருபாளையத்தில் திலீப்பின் சித்தப்பா பிள்ளைகள் மாங்காய் மண்டியில் உட்கார்ந்து விளையாடியிருந்தார்கள். பிரித்திகாவின் பழைய ஹாஸ்டல் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு விளையாடியிருந்தார்கள். குதிப்பது எப்படி, ஆள் மாறுவது எப்படி என்று பலர் திணறியதும், அதையெல்லாம் இவர்கள் திருத்தியதும் உண்டு. துண்டு மட்டும் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. சீட்டில் துண்டு கிடந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். இதை யாராவது யாருக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றவே இல்லை.

யோகேஷ் ஆங்கிலத்தில் வெகுநேரம் விளக்கினான். மார்த்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்ல பழக்கம், ஆனால் விளையாடுகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் நீ உட்கார்ந்து இதைச் சொல்ல முடியாதே என்றாள். அவள் சொன்னதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் தன் கம்பெனி ஆட்களிடம் காட்டப் போவதாகவும், அதற்குள் சரி செய்து அனுப்பினால் மறுபடி விளையாடிப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்த சண்டையைக் கீழே டிபன் சென்டரில் இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் நன்றாகக் கேட்டிருப்பார்கள். துண்டுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடலாம், கதை முடிந்தது என்றான் திலீப். துண்டே வேண்டாம், ரிசர்வ் என்று ஒரு பலகை வைத்துவிட்டால் உலகத்துக்கே புரியும் என்றான் யோகேஷ். பலகையைத் தூக்கிக்கொண்டு எந்த மாமா கல்யாணத்துக்குப் போகிறார் என்று பிரித்திகா கத்தினாள். எழுத்தும் கூடாது, பலகையும் கூடாது என்றால் வேறு என்னதான் செய்வது என்று அவர்கள் கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள். அவளும் போட்டாள்.

திலீப் எழுந்து நின்று சொன்னான். "நீக்கேம்மா, உனக்கென்ன, ஸ்ரீசிட்டி இருக்குது. இது போனா எங்களுக்கு என்னா இருக்குது?"

அது சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு தைத்திருக்காது. பிரித்திகா பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நைனா வேறு காலையிலேயே கூப்பிட்டு, சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு வந்துவிடு, மாமன் உன்னைக் கம்பெனிக்கு அழைத்துப்போகக் காத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தார். போக வேண்டும் என்று நினைத்து அவள் கிளம்பவில்லை. அந்த அறையில் இருக்க முடியவில்லை, கால் தானாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போனது.

சத்தியவேடு பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர சீட்டே கிடைத்தது. மூன்று பேரையும் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போன அந்தப் பஸ் கண்ணுக்குள் வந்து வந்து போனது. அழுகை வரும்போல இருந்ததால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த வடநாட்டுத் தம்பதி ஏறினார்கள். மலையில் சாமி பார்த்துவிட்டு நாராயணவனம் கோயிலுக்குப் போகிறவர்கள். புருஷனுக்குப் புது மொட்டை, அதில் சந்தனம். அவர் தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே இறங்க, மனைவி மட்டும் உள்ளே வந்தாள்.

பிரித்திகாவுக்கு எதிர்ப்பக்கத்துச் சீட்டில் ஒரு துண்டு கிடந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, எடுத்து அழகாக மடித்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். பிறகு நிம்மதியாக உட்கார்ந்தாள்.

பிரித்திகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மார்த்தா செய்த அதே காரியம்.

துண்டுக்காரர் வந்தார், கையில் சோளக்கதிர். "இன்னாம்மா இது, துண்டு போட்டுட்டுத்தானே போனேன்" என்றார். அந்த அம்மாளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பின்சீட்டுக்காரர் தெலுங்கில் சொன்னார். முன்சீட்டுக்காரி தமிழில் சொன்னாள். துண்டு போட்ட விஷயத்தில் மட்டும் பஸ்ஸில் எல்லாரும் ஒரே கட்சிதான். பாவம், அந்த அம்மாள் எழுந்து அடுத்த காலிச் சீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு கர்ச்சீப். அதையும் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள், அங்கிருந்தும் எழுப்பினார்கள். அதற்குள் பஸ் நிறைந்துவிட்டது. புருஷனும் பெண்சாதியும் ரேணிகுண்டா, வடமாலப்பேட்டை எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார்கள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவள் கண் மட்டும் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

புத்தூரில் பாதிப் பஸ் இறங்கியது. கை முறிந்தவர், கால் பிசகியவர் எல்லாம் எலும்புக் கட்டுக்காக இறங்க, கீழே ஒரு பெரிய கூட்டம் ஏறத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் சட்டென்று ஒரு சீட்டைப் பிடித்துவிட்டாள். புருஷன் பின்பக்கத்தில் இறங்குகிறவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். அவள் எதிரில் காலியாக இருந்த சீட்டைப் பார்த்தாள். முன்வாசலில் முண்டியடித்து ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தாள். கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவினாள், வீசினாள்.

துப்பட்டா எதிர்ச் சீட்டில் போய் விழுந்தது. மூட்டையோடு வந்த ஒருவர் சீட்டைப் பார்த்தார், துப்பட்டாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய்விட்டார். அந்த அம்மாள் நம்ப முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷனைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அப்போது அவள் முகத்தில் இருந்த வெற்றி, நாலு காணி நிலம் ஜெயித்தவளுக்குக்கூட இருக்காது.

பிரித்திகாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் ஒரு வரி எழுதிக் காட்டவில்லை. பலகை வைக்கவில்லை. பேசினவர்களுடைய பாஷையும் அவளுக்குத் தெரியாது. எழுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்தைவிட்டு இரண்டு தரம் எழுப்பிவிட்டால் யாருக்கும் துண்டு புரிந்துவிடும். நாம் என்ன செய்தோம், எடுத்த எடுப்பில் துண்டை மார்த்தாவின் கையில் கொடுத்துவிட்டோம். அவள் ஒரு சீட்டையும் இழக்கவில்லை, பிறகு எப்படி அவளுக்கு அதன் அருமை தெரியும்?

பஸ் நகர்ந்தது. "எறங்கணும், எறங்கணும்" என்று பிரித்திகா எழுந்தாள். முன்னாடியே எழுந்திருக்க என்ன என்று கண்டக்டர் திட்டினார். அவள் முழுதாக எழுந்து நிற்பதற்குள் அவள் சீட்டில் ஒரு துண்டு வந்து விழுந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நைனாவைக் கூப்பிட்டாள். மாமன் காத்திருப்பார், வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தால் வாய் வராது என்று தெரிந்து, யோசிக்காமலே சொன்னாள்.

"நைனா, நான் வரல. புத்தூர்ல எறங்கிட்டேன். ஒரு வழி தெரிஞ்சிடுச்சு, திரும்பிப் போய்க்கினு இருக்கேன்."

அந்தப் பக்கம் மாமனுடைய குரல் தூரத்தில் ஏதோ கேட்பது தெரிந்தது. நைனா, "திரும்பற பஸ்ல சீட்டு கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அது கோபமா, வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்பதி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அறையில் யோகேஷும் திலீப்பும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நாற்காலி காலியாக இருந்தது. அவள் வந்த வேகத்தில் மன்னிப்பும் கேட்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, பஸ்ஸில் நடந்ததைச் சொன்னாள். பாதியிலேயே திலீப் எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டான். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ மொதல்ல நாம மார்த்தாம்மாவை எழுப்பி விடணும்" என்றான். அந்த வேலை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

புதிய தொடக்கத்தில் துலுக்காணம் மாமாவே இல்லை. ரத்னம்மா மட்டும் தனியாகப் பஸ் ஏறுவாள். மூச்சு வாங்க வாங்க ஒரு காலிச் சீட்டை நோக்கி நடப்பாள். கிட்டே போகும்போது, யாரோ ஒருவருடைய துண்டு ஜன்னல் வழியாகப் பறந்து வந்து அதில் விழும். அவள் அதன் மேலேயே உட்காரலாம், விளையாடுகிறவர் இஷ்டம். உட்கார்ந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும், முணுமுணுக்கும், கண்டக்டர் விசில் ஊதுவார், எழுந்தாக வேண்டும். அடுத்த சீட்டிலும் அதே கதை. அப்புறம்தான் துலுக்காணம் மாமா, தோளில் துண்டோடு, திரையின் ஓரத்திலிருந்து மெல்ல நடந்து வருவார். பஸ் முழுக்க முணுமுணுக்கிற சத்தத்துக்காகத் திலீப் கீழே போய், டிபன் சாப்பிட வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, யாரோ உங்கள் சீட்டில் உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றான். யாருக்கும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. சிலரை நிறுத்தத்தான் முடியவில்லை.

மார்த்தா இரண்டாவது முறை விளையாடினாள். ரத்னம்மா முதல் துண்டின் மேல் உட்கார்ந்தாள், எழுப்பப்பட்டாள். இரண்டாவது துண்டின் மேலும் உட்கார்ந்தாள். மறுபடி பஸ்ஸே அவள்மேல் பாய்ந்தபோது, மார்த்தா தன் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னாள். அது என்னவென்று மூவருக்கும் தெரியாது, ஆனால் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பிறகு துலுக்காணம் மாமா நடந்து வந்தார். மார்த்தா அவரை இப்படியும் அப்படியும் நடக்கவிட்டுப் பார்த்தாள். யோகேஷ் நகத்தைக் கடித்தான்.

மார்த்தா ஜன்னலுக்கு நேராக அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, துண்டை வீசினாள். விழுந்தது. மீசைக்காரன் வந்தான், பார்த்தான், போய்விட்டான். மார்த்தா சிரித்த சிரிப்பு புத்தூரில் கேட்ட அதே சிரிப்புதான், பாஷைகூட மாறவில்லை. கட்டம் முடிந்த பிறகும் அவள் போகவில்லை. யாரும் வராத சீட்டுகளுக்கெல்லாம் துண்டு போட்டு, ஆட்களைத் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தாள்.

சில நாளில் பதில் வந்தது. கேமை எடுத்துக்கொள்கிறோம், முழுதாகச் செய்து சங்கராந்திக்குள் கொடுங்கள் என்று. திலீப் கீழே ஓடிப்போய் டிபன் சென்டரில் இருந்த எல்லாருக்கும் காபி சொன்னான். யோகேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான். பிரித்திகாவும் சந்தோஷப்பட்டாள், ஆனால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. ஆடி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த வேலை இன்னும் அவளுக்காகக் காத்திருந்தது. புத்தூரில் போனை வைத்த நைனா அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. சங்கராந்தி வரைக்கும் என்று அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று அவளும் கூப்பிடவில்லை.

கூப்பிடாமலே அவர் வந்து நின்றார். ஒரு கூடை மாம்பழம், தோளில் வெள்ளைத் துண்டு. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்க அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். சீசன் முடியப் போகிறது, மரத்தில் கடைசியாக இருந்தது, பையன்களும் துன்னட்டும் என்று கொண்டுவந்ததாகச் சொன்னார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யோகேஷ் சும்மா இருக்காமல், மூன்று பேர் கல்யாணத்துக்குப் போகிற கதை, சங்கராந்திக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும், பாருங்கள் என்று கேமை ஓடவிட்டு, விளையாடுகிற கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டான்.

பிரித்திகாவுக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. நைனா ரத்னம்மாவை நடக்கவிட்டார். முதல் துண்டு வந்து விழுந்ததுமே நிறுத்திவிட்டு, "அதான் ஆளு வருதே, அங்க எதுக்குப் போவணும்" என்று அந்தப் பக்கமே போகவில்லை. அவரை எழுப்பிவிட யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. பிறகு துலுக்காணம் மாமா வந்தார். பஸ் வந்தது. மாமா கூடவே ஓடி, மணிக்கட்டை ஒரு திருகு திருகித் துண்டை வீசினார்.

நைனாவின் கை அப்படியே நின்றது. திரையைப் பார்த்தார். மறுபடி வீச வைத்துப் பார்த்தார். அந்தத் திருகலை மூன்றாம் தரமும் பார்த்தார். மகள் பக்கம் திரும்பவில்லை. அவருடைய காது மடல் சிவந்திருந்தது. கோபமா என்று பிரித்திகா பயந்தாள், பிறகுதான் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அந்தம்மா நின்னுக்கினே இருக்குது பாரு. அதுக்கு மொதல்ல ஒரு எடம் புடிச்சுக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, ரத்னம்மாவுக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுக்கும் வரை அவர் கருவியைக் கீழே வைக்கவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வழியில் சாப்பிட இட்லி கட்டி வாங்கிவர பிரித்திகா கீழே போனாள். இப்போது கேட்டுவிட வேண்டும், பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவர் இறங்கி வந்து யோகேஷின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தார். பொட்டலத்தைக் கொடுத்தாள். அவள் கேட்பதற்குள், உடம்பைப் பார்த்துக்கோ என்று அவர் சொன்னார், வண்டி போய்விட்டது. அவரிடம் ஏதோ ஒன்று குறைந்திருந்த மாதிரி இருந்தது. இளைத்துவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினாள்.

அறையில் திலீப் மாம்பழம் அறுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கத்தியால் அவள் நாற்காலியைக் காட்டினான். அதன் இருக்கையில், நைனாவின் வெள்ளைத் துண்டு விரிந்து கிடந்தது.

மறந்து வைத்துவிட்டுப் போகிற ஆள் அல்ல அவர். பிரித்திகா கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். அந்தத் துண்டைத் தொடவும் முடியவில்லை, எடுத்துவிட்டு உட்காரவும் முடியவில்லை. பெரிதாக அழுகை வந்தது, அழுதாள். திலீப் திரும்பிக்கொண்டு இன்னொரு பழத்தை அறுத்தான்.

கொஞ்சம் அடங்கியதும் போன் செய்தாள். பின்னால் பஸ் இரைச்சல் பலமாகக் கேட்டது. அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர், மாமன்கிட்ட சொல்லிட்டேன், அந்த வேலைக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லி என்றார். சங்கராந்திக்குள் அந்த மூன்று பேரும் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்களா என்று கேட்டார். சேர்ந்துவிடுவார்கள் என்றாள். அவர் இத்தனை வருஷமாக அவளைக் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் இன்றைக்கு அவரிடம் கேட்டாள்.

"சீட்டு கெடச்சுதா, நைனா?"

"எங்க கெடைக்கும்?" என்றார் அவர். "துண்டுதான் அங்க போட்டுட்டு வந்துட்டனே. நின்னுக்கினுதான் போறேன்."